தெருவுக்கு ஒரு மட்டக் கணக்கு

சென்னையின் பழைய தெருக்களில் ஒரு வீட்டின் வயதை அதன் படிகளை வைத்தே சொல்லிவிடலாம். கட்டிய புதிதில் தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போயிருப்பார்கள். சில வருடங்களில் முதல் படி தாருக்குள் போய்விடும். பிறகு இரண்டாவதும் போகும். இன்று கேட்டைத் திறந்ததும் இரண்டு படி கீழே இறங்க வேண்டிய வீடுகள் தெருவுக்கு நாலைந்தாவது இருக்கின்றன. வாசலில் அரையடித் தடுப்புச் சுவர், அதன்மேல் மணல் மூட்டை, கார் நிற்கும் இடத்தில் ஒரு மோட்டார். வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் ஐப்பசி வந்தால் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒருமுறை தார் போட்டால் 4 செ.மீ. ஏறும். மேடுபள்ளம் நிரப்பும் அடுக்கையும் சேர்த்தால் 5, சில இடங்களில் 6. ஐந்து தடவை போட்டால் 25 செ.மீ. வீட்டின் பேஸ்மட்டம் சுற்றுத் தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. விதிப்படி கட்டிய வீடும் ஐந்தாவது தார்ச்சாலையில் பாதிக்கு மேல் உயரத்தை இழந்துவிடுகிறது. அந்த வீட்டில் யாரும் எதையும் தவறாகச் செய்யவில்லை.

2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும், வீடுகள் பள்ளமாகும்படி சாலை உயரக் கூடாது என்று உத்தரவிட்டார். தெளிவான உத்தரவு. ஆனால் சாலை உயர்ந்ததா இல்லையா என்று சொல்வதற்கு, முன்பு எந்த மட்டத்தில் இருந்தது என்ற எண் வேண்டுமே? பெரும்பாலான உட்புறத் தெருக்களுக்கு அந்த எண் யாரிடமும் இருப்பதில்லை. எஸ்டிமேட்டில் நீளம் இருக்கும், அகலம் இருக்கும், கனம் இருக்கும். மட்டம் மட்டும் இருக்காது. வேலை முடிந்தபின் 'ஏறிவிட்டது' என்று குடியிருப்போர் சொல்வார்கள், 'ஏறவில்லை' என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். இருவரிடமும் ஆதாரம் இல்லை.

அந்த எண்ணைத் தெருக்காரர்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று பேர், சில நூறு ரூபாய்ச் சாமான் போதும். நகரத் திட்டமிடல் என்றதும் வரைபடம், மாஸ்டர் பிளான் என்று பேசத் தோன்றும். தெருவில் நிற்கும் தண்ணீருக்குத் தெரிந்தது மட்டம் ஒன்றுதான்.

முதலில், ஏன் சில சென்டிமீட்டருக்கு இவ்வளவு பேச்சு? சென்னை தட்டையான ஊர். நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 100 மீட்டர் நீளத் தெருவின் இரு முனைகளுக்கும் 10 செ.மீ. வித்தியாசம் இருந்தால், இங்கே அது நல்ல வாட்டம் (சரிவு). அப்படிப்பட்ட தெருவில் ஒரு பாதியில் மட்டும் 5 செ.மீ. தார் கூடுதலாக விழுந்தால் தண்ணீர் போகும் திசையே மாறிவிடலாம். மலைச்சரிவில் இருக்கும் ஊரில் இதே தவறு யாருக்கும் தெரியாது. கொத்தனார் நாலடிக்கு ஆறடிக் குளியலறைக்கு வாட்டம் பார்க்காமல் டைல்ஸ் போடமாட்டார். 100 மீட்டர் தெருவுக்குப் பல நேரம் ஒரு நூல்கூடக் கட்டுவதில்லை.

2015 டிசம்பர் 1ஆம் தேதியைப் போல ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டினால் எந்தத் தெருவின் வாட்டமும் உதவாது. அது ஏரி, ஆறு சம்பந்தப்பட்ட கதை. இங்கே பேசுவது 5 செ.மீ. மழைக்கே இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பற்றி.

மட்டம் எடுப்பது

கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். உள்விட்டம் 8 முதல் 10 மி.மீ. உள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் 20 மீட்டர். 2 மீட்டர் உயர மரச்சட்டம் இரண்டு. ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து பூஜ்யம் தொடங்கும்படி அளவு டேப்பை ஒட்டிவிட வேண்டும். சட்டத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் நிரப்புவதில்தான் பாதி வேலை கெடுகிறது. குழாய்முனையை நேரே வீட்டுத் தண்ணீர்ப் பைப்பில் வைத்து நிரப்பினால் நடுவில் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். ஒரு குமிழி இருந்தாலும் அளவு தப்பு. வாளியை மாடிப்படியில் உயரமாக வைத்து, ஒரு முனையை வாளியின் அடிவரை அமிழ்த்தி, மறுமுனையைக் கீழே வைத்து உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக ஓடத் தொடங்கும். அரை வாளியாவது ஓடவிட்டு, குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தட்டிக்கொண்டே வந்தால் ஒட்டிய குமிழிகளும் போய்விடும். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்தால் வெயிலில் நீர்மட்டம் பளிச்சென்று தெரியும். பிறகு இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டிலும் நீர்மட்டம் ஒரே கோட்டில் நின்றால் கருவி தயார்.

அளப்பது இப்படி. ஒருவர் சட்டத்தை 'அ' என்ற இடத்திலும், இன்னொருவர் 'ஆ' என்ற இடத்திலும் செங்குத்தாக நிறுத்துகிறார். குழாயின் முனைகள் சட்டங்களோடு ஒட்டி இருக்கின்றன. தண்ணீர் ஆடி அடங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் அளவைச் சொல்கிறார்கள், மூன்றாமவர் எழுதுகிறார். 'அ'வில் 142 செ.மீ., 'ஆ'வில் 157 என்றால் 'ஆ' 15 செ.மீ. பள்ளம். அளவு பெரிதாக இருக்கும் இடம் பள்ளம். இந்த ஒன்றைத் தாளின் தலையிலேயே எழுதிவிடுங்கள், நடுவில் குழம்பிப்போவது சகஜம். இடம் மாறும்போது தண்ணீர் சிந்தாமல் இருக்க முனைகளைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார்கள். புது இடத்தில் விரலை எடுக்க மறந்தால் நீர்மட்டம் நகராது, அளவு பொய்யாகும். இந்தக் கருவியில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். குழாயின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடந்தாலும் சின்ன வித்தியாசம் காட்டும். அதனால் விடிகாலை நல்லது, வண்டிகளும் குறைவு.

தொடங்கும் புள்ளிதான் கணக்குக்கே ஆணிவேர். அடுத்த பத்து வருடம் அசையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: கோயில் மண்டபத்தின் அடிக்கல், பழைய சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், பள்ளிக்கூடத்தின் முதல் படி. விளக்குக் கம்பத்தின் அடிக் கான்கிரீட் வேண்டாம், கம்பம் மாறும்போது அதுவும் போகும். தனி வீட்டின் காம்பவுண்டுச் சுவரும் வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாக, தெருவின் இரு முனையிலும் வைத்துக்கொண்டால் ஒன்று இடிந்தாலும் கணக்கு பிழைக்கும். அந்தப் புள்ளியில் பெயின்ட்டால் கோடு போட்டு, அதன் மட்டம் 10.00 மீட்டர் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். கடல்மட்டக் கணக்கு தெருவுக்குத் தேவையில்லை.

அங்கிருந்து 10 மீட்டருக்கு ஒருமுறை சாலையின் நடு, இரு ஓரங்கள், மழைநீர் வடிகால் மூடியின் மேல்மட்டம், வடிகாலுக்குள் தண்ணீர் நுழையும் துளையின் அடிமட்டம், மூடியைத் திறக்க முடிந்தால் வடிகாலின் தரை, பாதாளச் சாக்கடை மேன்ஹோல் மூடி, ஒவ்வொரு வீட்டின் கேட் வாசல், கார் நிற்கும் இடம். கடைசியாக இந்த வடிகால் எந்தப் பெரிய கால்வாயில் சேர்கிறதோ, அந்த இடம். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பாதிக் கணக்கு. சாக்கடை மேன்ஹோலை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும். மூடியின் மேல்மட்டம் போதும்.

முடிந்ததும் புறப்பட்ட புள்ளிக்கே அளந்துகொண்டு திரும்ப வேண்டும். 10.00 என்று கிளம்பி 10.01 என்று வந்து சேர்ந்தால் பரவாயில்லை. 3 செ.மீ. தப்பினால் எங்கோ விரல் மூடியிருந்திருக்கிறது, மறுபடி எடுக்கத்தான் வேண்டும். 300 மீட்டருக்கு மேல் நீளமான தெருவென்றால் டியூப் லெவலில் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆட்டோ லெவல் (முக்காலியில் நிறுத்தித் தொலைநோக்கியால் மட்டம் பார்க்கும் கருவி) வைத்திருக்கும் சர்வேயரை அரை நாள் அழைப்பது லாபம். கைபேசிச் செயலி காட்டும் உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். அதன் பிழை மீட்டர் கணக்கில், நமக்கு வேண்டியதோ சென்டிமீட்டர்.

தாள் என்ன சொல்லும்

ஒரு இடத்தில் இப்படி வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சாலை நடு 9.62. ஓரம் 9.60. வடிகால் மூடி 9.74. தண்ணீர் நுழையும் துளையின் அடி 9.66. வடிகால் தரை 8.95. பக்கத்து வீட்டுக் கார் நிறுத்துமிடம் 9.41.

வடிகால் துளைக்குக் கீழே 70 செ.மீ. ஆழம், உள்ளே ஒரு கைப்பிடி மண்கூட இல்லை. ஆனாலும் தெருவில் தண்ணீர் நிற்கும். துளை சாலை ஓரத்தைவிட 6 செ.மீ. உயரத்தில் இருக்கிறதே. 5 மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளத் தெரு தட்டையாக இருந்தால் அந்த 6 செ.மீ. என்பது 30,000 லிட்டர். அவ்வளவு தேங்கிய பிறகுதான் முதல் சொட்டு வடிகாலுக்குள் போகும். அதற்குள் 19 செ.மீ. பள்ளத்தில் இருக்கும் அந்தக் கார் நிறுத்துமிடம் நிறைந்திருக்கும். இதற்குப் புது வடிகால் வேண்டாம். துளையைக் கீழே இறக்கி வெட்டினால் போதும், ஒரு நாள் வேலை. 'வடிகால் வேண்டும்' என்று மனுக் கொடுத்த தெருக்கள் பலவற்றுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு நாள் வேலைதான்.

இன்னொரு நோய் சாலையின் முதுகு காணாமல் போவது. தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம் சரிய வேண்டும். 5 மீட்டர் அகலச் சாலையில் நடு, ஓரத்தைவிட 5 முதல் 6 செ.மீ. உயரம். ஓரங்களில் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அங்கே உயர்ந்து, நடு கிண்ணமாகிவிட்ட சாலைகளில் வடிகால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

வடிகாலின் தரைமட்டத்தை வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும். 8.95, 8.93, 8.98, 8.90 என்று வந்தால் மூன்றாவது இடத்தில் எதிர்வாட்டம். கோடையிலும் இரண்டாவது இடத்தில் தண்ணீர் நிற்கும், கொசு அங்கேதான் பிறக்கும். வெவ்வேறு வருடத்தில் வெவ்வேறு ஒப்பந்தத்தில் கட்டிய துண்டுகள் சேரும் இடத்தில் இது சாதாரணம். ஒவ்வொரு துண்டும் தன்னளவில் சரி, இணைப்புத்தான் தப்பு.

வாட்டமும் தூரும் சேர்ந்து என்ன செய்யும் என்று எண்ணில் பார்த்தால் தலை சுற்றும். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை என்றால் 500 கன மீட்டர். கூரையும் சிமென்டும் நிறைந்த தெருவில் அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வரும்: நொடிக்கு சுமார் 110 லிட்டர். இரண்டடி அகலம் இரண்டடி ஆழ வடிகால், ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில், நொடிக்கு சுமார் 260 லிட்டர் கொண்டுபோகும். தாராளம். அதே வடிகால் நாலாயிரத்துக்கு ஒன்று என்று தட்டையாகக் கட்டப்பட்டிருந்தால் 130. இன்னும் சமாளிக்கும். அதில் 20 செ.மீ. தூர் படிந்தால் 65 லிட்டருக்கு வந்துவிடும். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அடைந்திருக்கிறது, கொள்திறனோ பாதியாகிவிட்டது. தட்டையான வடிகாலில் தண்ணீர் மெதுவாகப் போவதால் மண்ணைத் தள்ளிக்கொண்டு போக வேகம் போதாது, வண்டல் வேகமாகப் படியும். அப்படிப்பட்ட வடிகாலை வருடத்துக்கு ஒருமுறை தூர் வாருவது போதாது. மழைக்கு முன் ஒன்று, முதல் பெருமழை முடிந்ததும் ஒன்று. நுழைவாயில்களில் வண்டல் தங்கும் தொட்டி கட்டினால் வேலை குறையும், தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் இருந்தால்.

கடைசிப் புள்ளி, அதாவது வெளியேறும் இடம், சில தெருக்களுக்குக் கெட்ட செய்தி சொல்லும். கால்வாயில் மழைக்காலத்து நீர்மட்டம் நம் வடிகாலின் தரையைவிட உயர்ந்து நின்றால், தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். பக்கிங்காம் கால்வாய், கூவம், அடையாறு ஓரங்களில் கடல் ஏற்றமும் முகத்துவார மணல்மேடும் சேர்ந்துகொள்ளும். அங்கே வடிகாலை ஆழமாக்கினால் நிலைமை மோசமாகும். ஒருவழிக் கதவும் மோட்டாரும் வேண்டும், இல்லையென்றால் தண்ணீரைத் தெருவிலேயே சில மணி நேரம் பிடித்து வைக்க இடம் வேண்டும். வார்டு வார்டாக வடிகால் கட்டியது போதாது, படுகை வாரியாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது பலமாகியிருப்பது இதனால்தான். கொசஸ்தலையாறு, கோவளம் படுகைகளுக்குத் தனித்தனித் திட்டங்கள் வந்தன. 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வெள்ளத் தடுப்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது.

தார் போடும் நாளில்

மில்லிங், அதாவது பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுப்பது, எஸ்டிமேட்டில் தனி இனமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுரண்டும் கனமும் போடும் கனமும் ஒன்றாக இருக்க வேண்டும். 20 மி.மீ. சுரண்டி 40 மி.மீ. போட்டால் மில்லிங் செய்ததாகவும் ஆயிற்று, சாலை 2 செ.மீ. உயர்ந்ததாகவும் ஆயிற்று. இயந்திரம் நடுவில் ஓடிவிட்டு ஓரத்தை விட்டுவிடுவது இன்னொன்று. தண்ணீர் போவதோ ஓரத்தில். பெரிய மில்லிங் இயந்திரம் திரும்ப முடியாத சந்துகளில் ஜேசிபி வாளியால் கீறிவிட்டுப் போவார்கள். அது மில்லிங் ஆகாது. அங்கே கைப்பிரேக்கர் வைத்து உடைத்து அள்ளத்தான் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பழைய தார் 3 செ.மீ. மட்டுமே இருக்கும் தெருவில் 4 செ.மீ. சுரண்டினால் ஜல்லி அடுக்கு கலைந்துவிடும். அதன்மேல் அப்படியே தார் போட்டால் அடுத்த மழையிலேயே பெயரும். அங்கே அடித்தளத்தையே கிளறி, மட்டம் குறைத்து, தண்ணீர் தெளித்து உருட்டிய பிறகுதான் தார். செலவு கூடும், எஸ்டிமேட் மாறும். வேலை தொடங்குமுன் இரண்டு இடத்தில் ஒரு சாண் சதுரம் வெட்டிப் பார்த்தால் எவ்வளவு தார் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சுரண்டியதற்கும் தார் போடுவதற்கும் நடுவே நாட்கள் போகக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கும் மேன்ஹோல் மூடிகளில் இரவில் இருசக்கர வண்டிகள் விழும். அந்த மூடிகளின் சட்டத்தைப் புது மட்டத்துக்குச் சரிசெய்யாமல் தார் போட்டால் மூடி புதைந்துவிடும். சாக்கடை அடைத்தால் சாலையை உடைத்து மூடியைத் தேடுவார்கள்.

அளவுக் கணக்கு எல்லாரும் போடலாம். 100 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 40 மி.மீ. கனம்: 20 கன மீட்டர். உருட்டி இறுகிய தார்க்கலவை கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.35 டன். ஆக 47 டன். வந்த டிப்பர்களின் எடைச் சீட்டைக் கூட்டினால் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு லோடு குறைந்தால் கனம் குறைந்திருக்கிறது. அடியில் பூசும் தார்க்குழம்பு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம், இந்த 500 சதுர மீட்டருக்கு 125 கிலோ அளவில். துடைப்பத்தால் இரண்டு கோடு தெளித்துவிட்டுப் போனால் புதுத்தளம் பழையதோடு ஒட்டாது, அப்பளம்போல உரியும். உட்புறச் சாலைகளுக்கு வழக்கமான விஜி 30 என்ற ரகத் தாரென்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, ரோலர் ஓடி முடியும்போது 90க்குக் கீழே போகக் கூடாது. கலவை ஆலையிலிருந்து நெரிசலில் சிக்கி, மேலே தார்ப்பாயும் போடாமல் வந்த லோடின் மேல்பகுதி கட்டியாக இருக்கும். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லும் உரிமை பொறியாளருக்கு உண்டு. வெப்பமானி அவர் கையில் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

3 மீட்டருக்குக் குறைந்த சந்துகளுக்குத் தார் வேண்டாம், சிமென்டும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சுவரிலிருந்து சுவர்வரை சிமென்ட் போட்டால் சொட்டுத் தண்ணீர் மண்ணுக்குள் போகாது. ஒருமுறை உயர்ந்த மட்டம் திரும்ப இறங்காது, உடைப்பது அவ்வளவு கஷ்டம். பேவர் பிளாக் கல்லைப் பெயர்த்து, குழாய் பதித்து, அதே மட்டத்தில் திரும்ப வைக்கலாம். வண்டி போகும் இடத்துக்கு 80 மி.மீ. கல், அடியில் 3 செ.மீ. அளவுக்கு மணல், இருபுறமும் அசையாத கரைக்கல். கரைக்கல்லை மிச்சம் பிடித்தால் ஒரே வருடத்தில் கற்கள் விலகி ஆடும்.

நம் பக்கத்துத் தவறுகள்

சாலை உயர்ந்ததால் வீட்டுக்காரர் வாசலில் சிமென்ட் சாய்தளம் போடுகிறார். அது சாலைக்குள் இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒன்று. சாலை ஓரத்தில் ஓட வேண்டிய தண்ணீருக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு தடுப்பணை. சிலர் அடியில் 4 அங்குலக் குழாய் வைத்துவிட்டுத் திருப்தியாகிவிடுவார்கள். முதல் மழையில் இலையும் பால் கவரும் அதை அடைத்துவிடும். சாய்தளம் கேட்டுக்கு உள்ளே தொடங்க வேண்டும், முடியாவிட்டால் கழற்றக்கூடிய இரும்புத் தட்டு. அதிகாரிகளிடம் போகுமுன் இதைத் தெருவுக்குள் பேசி முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

கூரைத் தண்ணீரைக் குழாய் போட்டு நேரே சாலையில் விடுவது இன்னொன்று. 2003லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. கடற்கரையோர மணல் பகுதியில் உறைகிணறு வேகமாக உறிஞ்சும். களிமண் பகுதியில், அதுவும் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்ட கார்த்திகையில், குழி நிறைந்து நிற்கும். அங்கே தொட்டி கட்டிச் சேமிப்பதுதான் வழி. வீட்டுச் சாக்கடையை மழைநீர் வடிகாலில் இணைப்பதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அது குற்றம்.

நடைபாதைக்கும் இதே மட்டக் கணக்குத்தான். கரைக்கல் சாலையைவிட 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல். மாநகராட்சி 2014இல் ஏற்ற மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்கும் என்றது. 2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அதன் கண்ணுக்குத் தெரியும் பலன். ஆனால் இரண்டு முறை தார் ஏறினால் 15 செ.மீ. 5 ஆகிவிடும், பைக்குகள் ஏறி நிற்கும். அதைத் தடுக்க அடுத்த ஒப்பந்தத்தில் நடைபாதையை ஓரடி உயர்த்துவார்கள். முழங்கால் வலிக்காரர் சாலையிலேயே நடப்பார். வீட்டு வாசல்களில் நடைபாதை இறங்கி இறங்கி ஏறக் கூடாது. நடைபாதை ஒரே மட்டத்தில் போக வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

தோண்டும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. ஆழத்தில் இருப்பது முதலில்: சாக்கடை, குடிநீர், மழைநீர் வடிகால், மின்கம்பி, கடைசியில் சாலை. 2011இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆனபோது சேர்ந்த பகுதிகள் பலவற்றில் சாலையும் வடிகாலும் இருந்தன, பாதாளச் சாக்கடை பிறகுதான் வந்தது. வரிசை தலைகீழானால் ஒவ்வொரு வெட்டும் மட்டத்தைக் கெடுக்கும். வெட்டிய பள்ளத்தை 15 முதல் 20 செ.மீ. அடுக்காக நிரப்பி, நனைத்து, இடித்து மூட வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மூடினால் முதல் மழையில் குழியாகும்.

தெருவில் பூங்கா இருந்தால் அதன் மட்டத்தையும் எடுங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற விதியால் பல பகுதிகளுக்கு இப்படி ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கிறது. 1,000 சதுர மீட்டர் பூங்காவை 30 செ.மீ. தாழ்த்தினால் 300 கன மீட்டர் பிடிக்கும். மேலே சொன்ன ஒரு மணி நேர மழையில் ஓடிவரும் 400 கன மீட்டரில் முக்கால் பங்கு அது. நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், பூங்காவுக்கு மண் கொட்டி உயர்த்தி, சுற்றிலும் சுவர் எழுப்பி, அதன் தண்ணீரையும் தெருவில் விடுகிறார்கள். நடைப்பயிற்சிப் பாதையை மட்டும் உயர்த்தி, நடுப்புல்வெளியைத் தாழ்த்தினால் நடப்பவர்களும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

தாளை எங்கே கொடுப்பது

முதலில் தெருக்காரர்களிடம். மேட்டு வீட்டுக்காரருக்கு மில்லிங் தேவையில்லை, தூசிதான் மிச்சம் என்று தோன்றும். பள்ளத்து வீட்டுக்காரர் சாலையைத் தன் வாசல் மட்டத்துக்கே இறக்கச் சொல்வார். இறக்கினால் தண்ணீர் வடிகாலுக்கு ஏறிப் போகாது. எண்களைப் பார்த்தால் இந்தப் பேச்சு பாதி அடங்கும்.

பிறகு வார்டு உதவிப் பொறியாளரிடமும் கவுன்சிலரிடமும். 'தண்ணீர் நிற்கிறது, நடவடிக்கை எடுக்கவும்' என்ற மனுவுக்கு மோட்டார் ஒன்று வரும். 'இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே வடிகால் துளை சாலையைவிட 6 செ.மீ. உயரத்தில் உள்ளது, இறக்கித் தரவும்' என்ற மனுவுக்கு வேலை வரும், ஏனென்றால் அதை எஸ்டிமேட்டாக்க அவருக்கு அரை மணி நேரம் போதும். அளவு டேப் தெரியும்படி எடுத்த படம் இரண்டு இணைத்தால் போதும். வெள்ளத்தில் நிற்கும் படங்கள் இருபது தேவையில்லை. வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்திலும் இதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 2022 நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்திலிருந்து நகர்ப்புறங்களிலும் அந்தச் சபைகள் நடக்கின்றன. மழை தொடங்கிய பின் போனால் எல்லாரும் மோட்டாருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். சரியான மாதங்கள் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை.

எஸ்டிமேட், வேலை உத்தரவு, அளவுப் புத்தகம், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கெட்டுப்போனால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும், பதிலுக்கு 30 நாள். அதே சட்டத்தின் பிரிவு 2(ஜே) நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது. இதைப் பலரும் கேட்பதேயில்லை. சண்டைக்காக இல்லாமல், வேலை தொடங்குமுன்பே எஸ்டிமேட்டின் நகலைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த மறுநாள் கேட்டு என்ன பயன்?

தார் போட்ட ஒரு வாரத்தில் அதே புள்ளிகளை, அதே சட்டங்களால், அதே தொடக்கக் கோட்டிலிருந்து மறுபடி எடுங்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண், தேதி, அளந்தவர்கள் கையெழுத்து. முதல் நல்ல மழையில் குடையோடு ஒரு நடை போய், தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, காய்ந்ததும் அளந்து மூன்றாவது வரிசையில் எழுதுங்கள். ஒரு நகல் சங்கத்தின் கோப்பில், ஒன்று உதவிப் பொறியாளரிடம். இன்னொன்றைக் கண்டிப்பாகக் கோடியில் இருக்கும் மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்து வையுங்கள். சங்கச் செயலாளர்கள் மாறுவார்கள், உதவிப் பொறியாளர்களும் மாறுவார்கள்.